தூபமும் புகையும்

சிவமயம்



எண்ணிறந்த பிறவிகளுள்ளே மானுடப் பிறவி பெறுதற்கரியது என்பதும், அப்பிறவியிற் பெற்ற சரீரம் சிவபெருமான் எழுந்தருளியிருக்குந் திருக்கோயில் என்பதும் சைவசமயிகள் யாவரும் கேட்டறிந்தனவேயாம். அக்கோயிலினுள்ளே இராப்பகல் ஓயாது போக்குவரவு செய்துகொண்டிருப்பது மூச்சு. திருமூல நாயனார் முதலிய பெரியோர் அம்மூச்சினையே சாதனமாகக்கொண்டு சிவயோகஞ் செய்தனர். அத்துணைச் சிறப்புடைய மூச்சுச் செல்லும் வழியிலே நச்சுப்புகையை ஏற்றும் பழக்கம் நம் பள்ளிப் பிள்ளைகளிடத்தே புகுந்திருத்தலைக் குறித்து இன்று சில சொல்லத் துணிந்தோம். பிள்ளைகளைக் கடிந்து பேசுதல் நம் கருத்தன்று. கடியப்படவேண்டியவர் யாவர் என்பது போகப்போக விளங்கும்.

கண்டி நகரிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் பெருவீதியிலே, குண்டசாலைக்கு அணித்தாக உள்ளது பல்லேகல என்னும் ஊர். ஒருகாலத்திலே கொக்கோத் தோட்டத்தாற் பெயர் பெற்ற அவ்விடத்தில் இப்போது கைத்தொழிற்பேட்டையும், 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சர்வதேசக் கிரிக்கெட் மைதானமும் உள்ளன. அதனைச் சூழ்ந்த தும்பறைப் பகுதியிலே புகையிலை பயிரிடுதலும் பழைய தொழிலேயாம். மாலை வேளையிலே அப்பக்கஞ் செல்வோர், ரியூசன் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்குக் காத்துநிற்கும் மாணாக்கருள் இருவர் மூவர் மதிற்சுவரின் மறைவுக்குச் சென்று ஒரு சிகரட்டைக் கைமாற்றிக்கொள்வதைக் காணலாம். சிறிய கடைகளின் தூணிலே கயிற்றிற் கட்டித் தொங்கவிடப்பட்ட லைற்றர், வருவார் யாவர்க்கும் பொதுவாக ஆடிக்கொண்டிருப்பதையுங் காணலாம்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, அப்பகுதியிலுள்ள ஒரு சிறு கோயிலிலே பூசை முடிந்தபின் மாணாக்கர் சிலருக்குப் பிரசங்கஞ் செய்தோம். புகைத்தல் உடலுக்குக் கேடு, உயிருக்குப் பாவம் என்று வழக்கம்போலச் சொல்லி முடித்தோம். பிரசாதம் வாங்கிக்கொண்டு யாவரும் போயினர். சாதாரணதர வகுப்பிற் படிக்கும் பையன் ஒருவன் மாத்திரம் நின்றான்.

“ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் தோட்டத்தில் முனியாண்டி சாமிக்குப் பூசை போடும்போது சுருட்டு வைக்கிறார்கள். பூசாரி அதைப் பற்றவைத்துக் குடித்துக்கொண்டுதான் வாக்குச் சொல்லுகிறார். அப்பாவுக்குச் சிகரட் வாங்கிவரக் கடைக்குப் போகிறவன் நான். அக்காவின் கலியாணத்தில் வெற்றிலைத் தட்டத்தில் சிகரட்டும் வைத்தார்கள். அந்தத் தட்டத்தைச் சபையிலே கொண்டுபோய் நீட்டினவனும் நான். சாமியும் குடிக்கலாம், அப்பாவும் குடிக்கலாம், சபையும் குடிக்கலாம் என்றால், நான் குடிப்பது மாத்திரம் எப்படிப் பாவம்?”

அன்பர்களே, நாம் அன்று அவனுக்கு ஏற்ற விடை சொல்லவில்லை. “பெரியவர்கள் செய்வதெல்லாம் பிள்ளைகள் செய்யலாமா?” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அஃது விடையன்று, விடையில்லாதவன் கூறுஞ் சாக்கு என்பது வீடு செல்லும் வழியிலே நமக்கு விளங்கிற்று. அவன் வினாவிலே மூன்று சாட்சிகள் உள்ளன; சாமி ஒன்று, தந்தை ஒன்று, சபை ஒன்று. இம்மூன்றையும் முறையே ஆராய்ந்து, அன்று சொல்லாதுவிட்ட விடையை இன்று சொல்லுகின்றோம்.

முதலாவது சாட்சி: சாமி.

இறைவனுக்குப் புகை உவப்பானதோ எனின், உவப்பானதே. அஃது தூபம். திருக்கடவூரிலே வாழ்ந்த குங்குலியக்கலய நாயனார் நாடோறும் குங்குலியத் தூபமிடுதலையே தமக்குரிய திருத்தொண்டாகக் கொண்டவர். வறுமை வந்து நிலமும் பிறவும் விற்றுத் தீர்ந்தபின்னும் அத்தொண்டினை விட்டாரல்லர். பிள்ளைகளும் சுற்றமும் உணவின்றி வாடியபோது, மனைவியார் தமது தாலியைக் கழற்றிக்கொடுத்து நெல் வாங்கிவரும்படி அனுப்பினார். வழியிலே குங்குலியப்பொதி கொண்டு வந்த வணிகனைக் கண்ட நாயனார், தாலியைக் கொடுத்துக் குங்குலியத்தை வாங்கித் திருக்கோயிலிற் சேர்த்து, தம்மை மறந்து அங்கேயே தங்கிவிட்டார். அன்றிரவே இறைவன் அவர் மனையைச் செல்வத்தால் நிறைத்தருளினார்.

இச்சரிதத்தைக் கேட்ட குறும்பன் ஒருவன், “நாயனாரும் வீட்டுச் சோற்றை விற்றுப் புகைதானே வாங்கினார்? எங்கள் தந்தையும் அதைத்தானே செய்கிறார்?” என்று கேட்கலாம். கேட்கட்டும். வேற்றுமை இதுவென்க. தூபம் தன்னிடத்தினின்று புறப்பட்டு இறைவனிடத்தே செல்வது. சிகரட்டின் புகை பிறரிடத்தினின்று பிடுங்கித் தன்னுள்ளே இழுத்துக்கொள்வது. தூபம் நின்றபின் திருச்சந்நிதியில் மணம் எஞ்சும். சிகரட்டு நின்றபின் வாயிலே நாற்றமும் சுவாசப்பையிலே கரியும் எஞ்சும். நாயனார் மனையிலே பசி இருந்தபோது நாயனாரும் பசித்திருந்தார். புகைப்பவன் மனையிலோ, மனைவியும் மக்களும் ஒறுத்திருக்க அவன் ஒருவனே நுகர்கின்றான்.

இனி, முனியாண்டிக்குச் சுருட்டுப் படைத்தல் முன்னோர் வழக்கம் என்பாரும் உளர். புகையிலை நம் நாட்டுப் பயிரன்று. அஃது அமெரிக்காக் கண்டத்துக்குரியது. 1492ஆம் ஆண்டிலே கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்தபின்னரே பிற தேசத்தார் அதனை அறிந்தனர். போர்த்துக்கேயரோடு அது கீழ்த்திசைக்கு வந்தது. வந்த சிறிது காலத்துள்ளே அதன் தீமையை உணர்ந்தோரும் இருந்தனர். இங்கிலாந்து அரசன் முதலாம் ஜேம்ஸ் 1604இலே அதனை இகழ்ந்து நூலெழுதினான். ஜகாங்கீர்ச் சக்கரவர்த்தி 1617இலே தன் இராச்சியத்தில் அதனை விலக்கினான். ஆகவே, வேதத்திலும் சிவாகமத்திலும் சங்கநூல்களிலும் இல்லாத ஓர் இலை, ஐந்நூறு ஆண்டுகளுக்குட்பட்ட ஒரு வரவு, எங்ஙனம் நம் தெய்வத்தின் விருப்பப் பொருளாயிற்று? சாமி கேட்டதனாலன்று. படைத்தவன் விரும்பினான், தான் விரும்பியதைச் சாமியும் விரும்புமென்று கருதி வைத்தான். கொடிய வெயிலிலும் பனியிலும் தோட்டங்களை உண்டாக்கிய மூதாதையர் தமக்கிருந்த ஒரே இன்பத்தைத் தங்கள் காவற்றெய்வத்தோடு பகிர்ந்துகொண்டனர். அவர் அன்பை நாம் இகழமாட்டோம். ஆயினும் அன்பு பழையது, சுருட்டுப் புதியது. அன்பை வைத்துக்கொண்டு சுருட்டை விலக்குதல் கூடும். முனியாண்டியின் சந்நிதியிலே சுருட்டு இருந்த இடத்தில் ஒரு பிடி சாம்பிராணி இடப்படுமாயின், காவல் குறையாது. பிள்ளைக்குச் சொல்லவேண்டிய சமாதானம் ஒன்று குறையும்.

இரண்டாவது சாட்சி: தந்தை.

இலங்கையிலே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் புகையிலை, மதுசாரம் என்பவற்றுக்கான தேசிய அதிகார சபை நிறுவப்பட்டது. அச்சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருளை விற்றல் குற்றம். “அப்பாவுக்காக” என்று பிள்ளை சொல்லுதலால் அக்குற்றம் நீங்கிவிடாது. ஆகவே, மகனைக் கடைக்கு அனுப்பும் தந்தை, கடைக்காரரைக் குற்றவாளியாக்குகின்றார். மகனைக் குற்றத்தின் கருவியாக்குகின்றார். அதன்மேல் அவனை நோக்கி, “நீ மாத்திரம் இதைத் தொடாதே” என்றும் உபதேசிக்கின்றார். நூறுமுறை கையாற் சுமந்ததை நூற்றோராம் முறை வாயில் வைத்துப் பார்க்கும் ஆவல் பிள்ளைக்கு எழுதல் வியப்பன்று.

பொருளின் அழிவையும் சிறிது எண்ணிப் பார்மின். இந்நாளிலே யாவரும் வாங்கும் சிகரட்டு ஒன்றின் விலை நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. நாளொன்றுக்கு மூன்று சிகரட்டு என்று வைத்துக்கொள்ளினும், மாதத்துக்கு ஒன்பதினாயிரம் ரூபாய்க்கு மேலாகும். அப்பணம் எங்கிருந்து வருகின்றது? பெரும்பாலும் கொழுந்துக்கூடை சுமந்த தாயின் தலையிலிருந்து வருகின்றது. பிள்ளைக்குப் புதிய சப்பாத்து இவ்வருடம் இல்லை என்று வீட்டிலே சொல்லப்படும்போது, அச்சப்பாத்து எங்கே எரிந்துபோயிற்று என்பதைப் பிள்ளை அறிவான், அறிந்தும் சொல்லான்.

புகைப்பவன் தான் மாத்திரம் கெடுகின்றான் அல்லன். லயத்து அறையிலே, சன்னலுஞ் சிறிது, காற்றுஞ் சிறிது. தந்தை விட்ட புகையைக் கைக்குழந்தை வாங்கிச் சுவாசிக்கின்றது. பிறர் விட்ட புகையைச் சுவாசிப்பதனாலேயே உலகில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிகின்றனர் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் கூறுகின்றனர். பிற உயிரை வருத்தாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயத்தவர், புலாலை மறுத்துவிட்டுப் புகையினாற் பிள்ளையை வருத்துதல் தகுமோ?

மூன்றாவது சாட்சி: சபை.

இங்கே நாம் நம்மைத் தவிர்த்துப் பேசுதல் முறையன்று. நமது பாட்டனார் யாழ்ப்பாணத்திலே புகையிலைத் தோட்டஞ் செய்தவர். அதிகாலையிலே துலா மிதித்து, கன்றுக்கு நீர் இறைத்து, இலையை வெட்டிப் பாடம்போட்டு, கண்டு சிப்பமாகக் கட்டி விற்றவர். அவ்வருவாயினாலேயே நம் தந்தையார் கற்றனர்; நாமும் கற்றோம். இது நம்மொரு குடும்பத்துக் கதையன்று. ஒல்லாந்தர் காலந்தொட்டு யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறிச் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தின் தலைமையான வாணிகப்பயிர் அதுவே. பின்னர் நம்மவர் கண்டி முதலிய தென்னிலங்கை ஊர்களெங்குஞ் சென்று சுருட்டுக்கடை வைத்தனர். கோபுரத் திருப்பணிக்கும், அன்னதானத்துக்கும், பள்ளிக்கூடத்துக்கும் அவ்வாணிகர் மனமுவந்து கொடுத்தனர். அவர்கள் ஈந்த பொருளிலே சுருட்டின் வாசனை இருந்தது.

அவர்களை நாம் பழிப்போமோ எனின், பழியோம். புகைத்தலினாற் சுவாசப்பையிலே புற்றுநோய் உண்டாதலை ரிச்சர்ட் டோல், பிராட்ஃபோர்ட் ஹில் என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் இருவர் தெளிவாகக் காட்டியது 1950ஆம் ஆண்டிலேயாம். அதற்கு முன் அறியாது செய்தவருக்கு அறியாமை என்னும் ஆதரவு உண்டு. அறிந்தபின் செய்யும் நமக்கு அவ்வாதரவு இல்லை. பாட்டனாரிடம் பெற்ற கடனை அவருக்கே திருப்பிக்கொடுத்தல் இயலாது. பேரப்பிள்ளைகளுக்கு நன்மை செய்தே தீர்த்தல் வேண்டும். இக்கட்டுரை எழுதுதற்கு நம்மைத் தூண்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

ஊரவையேயன்றி உலகவையும் பிள்ளைகளுக்குப் புகையையே நீட்டிவந்தது. 1996ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி ஒரு சிகரட்டின் பெயரால், வில்ஸ் உலகக் கிண்ணம் என்றே வழங்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 6ஆம் நாள் கண்டி அஸ்கிரியவிலே இலங்கை அணியினர் கென்யாவுக்கெதிராக 398 ஓட்டங்கள் குவித்தபோது, அந்நாட் சிறுவர் கொண்ட களிப்போடு அச்சிகரட்டின் பெயரும் ஒட்டிக்கொண்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய விளம்பரங்களை விலக்கியது. மூன்றாண்டு கழித்துப் பல்லேகலையிலே மைதானந் திறக்கப்பட்டபோது, எந்தச் சிகரட்டின் பெயரும் அதன் வேலியில் ஏறுதற்கு இடமிருக்கவில்லை. இன்று சிகரட்டுப் பெட்டியின் மேற்புறத்திலே நூற்றுக்கு எண்பது பங்கு நோயின் படமாகவே உள்ளது. அரசினர் தம் பெட்டியை இங்ஙனம் மாற்றினர். நாம் நம் வெற்றிலைத் தட்டத்தை மாற்றினோமா?

இனி, மாணாக்கனே, உன்னிடம் வருகின்றோம்.

சாமியும், தந்தையும், சபையும் உனக்குத் தவறான சாட்சி சொன்னமையை ஒப்புக்கொண்டோம். ஆதலால் நீ குடித்தல் நன்றாகிவிடுமோ? பிறர் சாட்சி பொய்யாயினும் நஞ்சு பொய்யாகாது. அது தந்தையின் சுவாசப்பை என்றும் மகனின் சுவாசப்பை என்றும் வேறுபாடு பார்ப்பதில்லை. ஒரு வேறுபாடு உண்டெனின், அது உனக்கே கேடானது. மனிதருடைய மூளை இருபத்தைந்து வயதளவும் வளர்ந்துகொண்டிருக்கும். புகையை இழுத்த சில விநாடிகளுள் நிக்கொட்டீன் என்னும் நஞ்சு மூளையை அடையும். வளரும் மூளை அதனை எளிதிலே பழகிக்கொள்ளும், எளிதிலே விடாது. புகைப்போரிற் பெரும்பாலார் இளவயதிலேயே தொடங்கினவர்கள். உலகத்தில் ஆண்டுதோறும் எழுபது லட்சத்துக்கு மேற்பட்டோரைக் கொல்லும் ஒரு தொழில், தன் வாடிக்கைக்காரர் இறக்குந்தோறும் புதியவரைத் தேடவேண்டியுள்ளது. அது தேடுவது உன்னையே.

உன் தோழர் சொல்லுங் காரணங்களையும் அறிவோம்.

“ஆண்பிள்ளை என்றால் ஒருமுறையாவது குடிக்கவேண்டும்” என்பர். மறைவிலே நின்று, ஆசிரியர் வருகின்றாரோ என்று நடுங்கிக்கொண்டு, மணம் போக வெற்றிலையோ இனிப்போ மென்றுகொண்டு செய்யும் ஒரு காரியத்திலே ஆண்மை எங்கே இருக்கின்றது? நால்வர் நீட்டும்போது “வேண்டாம்” என்று சொல்லுதற்கே நெஞ்சுரம் வேண்டும்.

“எல்லாரும் குடிக்கிறார்கள்” என்பர். அது பொய். 2015ஆம் ஆண்டிலே இலங்கையிற் பதின்மூன்று முதற் பதினைந்து வயதுடைய மாணாக்கரிடையே செய்யப்பட்ட உலக இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, ஏதேனுமொரு புகையிலைப் பொருளைப் பயன்படுத்தினோர் நூறு பேரில் நால்வருக்குங் குறைந்தவரே. குடியாதவன் தனியனல்லன், அவன் பெருங்கூட்டத்தவன். புகை கண்ணுக்குத் தெரியும், புகையாமை கண்ணுக்குத் தெரியாது. ஆதலினாலே சிலர் பலராகத் தோன்றுகின்றனர்.

“பரீட்சைப் பயம் தீரும்” என்பர். முதற் சிகரட்டு உண்டாக்கிய தவிப்பை இரண்டாவது சிகரட்டுத் தணிக்கும். அது பயந் தீர்ந்ததன்று. சொறிந்த புண்ணை மீண்டுஞ் சொறிதல் போன்றது. பயந் தீரவேண்டுமாயின் விடியற்காலையிலே எழுந்து, முகங்கழுவி, திருநீறு தரித்து, சிறிதுநேரம் மூச்சை ஒழுங்காக விட்டு ஐந்தெழுத்தை எண்ணிப் பார். கைப்பணமுஞ் செலவாகாது.

“வேண்டும்போது விட்டுவிடலாம்” என்பர். நாற்பது வயதிலே இருமிக்கொண்டிருக்கும் உன் தந்தையும் பதினாறு வயதிலே அங்ஙனமே சொன்னார். அவரைக் கேட்டுப் பார். அவர் உனக்குப் பொய் சொல்லார்.

ஒருகால் நீ ஏற்கெனவே தொடங்கிவிட்டாயாயின், “நான் கெட்டேன், இனி எனக்குக் கோயிலும் இல்லை, பிரசங்கமும் இல்லை” என்று ஒதுங்காதே. திருநாவுக்கரசு நாயனாரை நினை. அவர் தாம் பிறந்த நெறியை விட்டு நெடுங்காலஞ் சென்றிருந்து, சூலைநோயால் வருந்தி, தமக்கையார் திலகவதியாரிடம் இரவோடிரவாக வந்து விழுந்தார். அவ்வம்மையார், “ஏன் போனாய்?” என்று கணக்குக் கேட்டாரல்லர். எழுந்திருக்கச் செய்து, திருநீறளித்து, திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். விட்ட முதற் சில நாட்களிலே தவிப்பு மிகும். சில வாரங்களிலே அது தணியும். ஓராண்டு விட்டவனுக்கு, புகைத்தலால் மிகுந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறையும். தனியே முடியாவிடின் வைத்தியரை நாடுதலில் வெட்கமில்லை. விரலிடுக்கிலே இருந்த சாம்பல் நெற்றியிலே திருநீறாக மாறுதற்கு ஓர் இரவு போதும்.

பெற்றோர்களே, சபையோர்களே, உங்களிடம் நாம் வேண்டுவன நான்கே. முதலாவது, பிள்ளையைச் சிகரட்டு வாங்க அனுப்பாதிருத்தல். இரண்டாவது, மங்கல அமங்கல காரியங்களிலே தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு சுருட்டும் சிகரட்டும் வையாதிருத்தல். மூன்றாவது, காவற்றெய்வங்களின் சந்நிதியிலே சுருட்டுக்குப் பதிலாகச் சாம்பிராணியிடுதல். நான்காவது, புகைக்குந் தந்தையர் தம் பிள்ளையை அருகிருத்தி, “நான் இதிலே அகப்பட்டுக்கொண்டேன், விட முயலுகின்றேன், நீயும் எனக்குத் துணையாயிரு” என்று ஒருமுறை மனந்திறந்து சொல்லுதல். ஆயிரம் பிரசங்கத்தினும் அவ்வொரு வார்த்தை வலியது. விடுதற்கு நாட்செல்லினும், மகனுக்கு முன் மறைத்து நடிக்கும் பொய் அன்றே ஒழியும்.

அப்பையனை நாம் பின்பு காணவில்லை. பல்லேகலைப் பக்கஞ் செல்லும்போதெல்லாம் பஸ் தரிப்பிடத்திலே நிற்கும் பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கின்றோம். இப்பத்திரிகை அவன் கையிற் கிட்டுமாயின், அவனுக்கு இதைச் சொல்லுகின்றோம்: தம்பி, உன் வினா நேர்மையான வினா. அன்று நாம் அதனைத் தட்டிக்கழித்தோம், பொறுத்துக்கொள். நீ குடித்தல் பிழையே. உன்னைக் குடிக்கக் கற்பித்த நாங்களும் பிழை செய்தோம். எங்கள் பிழையை நாங்கள் திருத்தத் தொடங்குகின்றோம். அது முடியுமளவும் காத்திராமல், உன் மூச்சை நீ காத்துக்கொள். அது திருக்கோயிலின் உள்ளே உலாவுங் காற்று. அவ்விடத்துக்குரிய புகை தூபம் ஒன்றே.

சிவபெருமான் திருவருளினாலே நம் பிள்ளைகள் நோயின்றி, நீடு வாழ்ந்து, கல்வியிலும் ஒழுக்கத்திலும் மேம்படுவாராக.

திருச்சிற்றம்பலம்.